கடைசிப் பத்தி

நவம்பர் 12, செவ்வாய்

விடாமல் பெய்த மழை இன்று காலைதான் ஓய்ந்தது. போர்வைகளையும் தலையணை உறைகளையும் துவைத்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஹனீன் தன் துணிகளை ஓரமாக நெருக்கிப் போட்டுவிட்டு, கொடியில் பாதியை எனக்காகக் காலியாக வைத்திருந்தாள். எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான். அவள் காசாவிலிருந்து உதவித்தொகையில் வந்து இங்கே திருச்சியில் பயோடெக்னாலஜி ஆய்வு செய்கிற பெண். தமிழைக் காய்கறி வண்டிக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டதால் எதைக் கேட்டாலும் பேரம் பேசுகிற தொனியில்தான் பதில் வரும். தீபாவளி முறுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றதற்கு, "கட்டுப்படியாகாதுக்கா, பல்லு போயிரும்" என்றாள்.

போன வாரம் அவள் அப்பாவுக்கு லைன் கிடைத்ததாம். அவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். மழையைக் காட்டச் சொன்னாராம். இவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டியிருக்கிறாள். காவிரி உங்கள் வீட்டுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டாராம். இவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டாள். வடக்கே என்றேன். அடுத்த முறை பேசும்போது சொல்ல வேண்டும் என்றாள்.

நேற்று அலுவலகத்தில் புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுப் பக்கம் என் பொறுப்பு. செய்தி ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கிப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு படம் பெரிதாகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கம் வடிவமைக்கிற ஃபெலிக்ஸ், "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சுக் குடுத்துருங்க மேடம்" என்றார். குறைத்துக் கொடுத்தேன்.

போர்வை இன்னும் காயவில்லை.

நவம்பர் 13, புதன்

நேற்று மதியம் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேலே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி சரியாகப் படாததால் போய்ப் பார்த்தேன்.

அண்ணன் பாசில் பேசியிருக்கிறான். திங்கட்கிழமை மதியம் அவர்கள் வீட்டின் மேல் குண்டு விழுந்திருக்கிறது. அப்பா, அம்மா, அக்கா மெய்சா, அக்காவின் குழந்தைகள். பாசில் மாவு வாங்க வரிசையில் நின்றதால் பிழைத்தான். லைன் கிடைத்துத் தங்கைக்குச் சொல்ல ஒரு நாள் ஆகிவிட்டது.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, கேஸ்" என்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.

துரைக்கண்ணு சாருக்குப் போன் செய்து லீவு சொன்னேன். எங்கள் செய்தி ஆசிரியர். காரணத்தைக் கேட்டதும், "பக்கத்துலயே இரும்மா" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

தெருக்காரர்கள் வருகிறார்கள். உடல் இல்லாத துக்கவீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. செருப்பை எங்கே விடுவது என்பதிலிருந்தே தயக்கம். மாலை வாங்கி வந்தவர் அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். ஹனீன் எல்லோருக்கும் எழுந்து நின்றாள். உட்காரம்மா என்று சொன்னால் உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டு இந்திராணியின் மகளுக்கு ஹனீன்தான் மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்திராணி வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கீழே இறங்கி வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேப்பர்ல தீவிரவாதிங்க பதுங்கின எடம்னு போட்டிருந்துச்சே சசி, அந்த பில்டிங்தானா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவர் வீட்டில் வாங்குவது எங்கள் பத்திரிகை.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் ஹனீன் கீழே வந்தாள். கையில் செவ்வாய்க்கிழமைப் பேப்பர். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பக்கத்தை மேலே வருமாறு மடித்திருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

"இது உங்க பக்கம்தானே அக்கா?"

ஆமாம் என்றேன்.

"காசான்னு எழுதியிருக்கறது இதுதானே? எங்க வீட்டப் பத்தியா? வாசிங்க."

என் கண்ணாடியை எடுத்துவரப் போனேன். கண்ணாடி தலைமேலேயே இருந்தது. பூஜை அறையில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வாசித்தேன். மத்தியக் காசாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் குண்டு விழுந்தது. குடும்பங்கள் வசித்த வீடு அது. இறந்தவர்களில் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் கமால் சுவைதியும் அவருடைய மனைவியும் மகளும் பேரக்குழந்தைகளும் இருக்கிறார்கள். தமிழில் ஒரு வாக்கியம், அதையே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் என்று வாசித்தேன். அச்சில் அது ஐந்து வரிச் செய்தி. நான் வாசித்தது அதைவிட நீளம்.

"அப்பா பேரு போட்டிருக்காங்களா?"

போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"எங்க?"

விரலை எங்கோ வைத்தேன். அந்த இடத்தை அவள் தடவிப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அழுதாள். இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பாசிலுக்கு அனுப்ப வேண்டும், இந்தியாவில் ஒரு பத்திரிகையில் அப்பா பெயர் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றாள். அங்கே உள்ள பத்திரிகைகளில் பெயர் போட இடம் போதவில்லையாம்.

அவளுக்குச் சாதமும் ரசமும் கொடுத்தேன். சாப்பிட்டாள். அதை எழுதி வைக்க வேண்டும், சாப்பிட்டாள்.

நவம்பர் 16, சனி

மிக்ஸி ஓடவில்லை. அம்மியில் அரைத்தேன். கை வலிக்கிறது. இன்று வேலைக்குப் போகிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, திங்கட்கிழமை ஏஜென்சி அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்தேன். ஏஜென்சி அனுப்பியதெல்லாம் கொஞ்ச நாள் அங்கே கிடக்கும். நீளமான செய்தி. வாசித்தேன், முழுதாக.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். செய்தியில் முக்கியமானது மேலே வரும், முக்கியம் குறைந்தது கீழே போகும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். யோசிக்காமல் கை அதைச் செய்யும். கத்தரிக்காய்க் காம்பு நறுக்குவதைப்போல.

இந்தச் செய்தியில் முதல் பத்தி, தீவிரவாதிகளின் பதுங்குமிடம் ஒன்றைத் தாக்கியதாக இஸ்ரேல் ராணுவம் கூறியது. அடுத்தது ராணுவ அதிகாரியின் விளக்கம். அதற்கடுத்து மற்ற நாடுகளின் கருத்து, பேச்சுவார்த்தை எந்த நிலையில் நிற்கிறது, போர் தொடங்கியதிலிருந்து இறந்தவர்கள் எத்தனை பேர். எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பத்தி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பேசியிருக்கிறார். அங்கே குடும்பங்கள் மட்டுமே இருந்தன. வாத்தியார் கமால் மாடிப்படியில் உட்கார்ந்து வீடிழந்து கூடாரங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்துவார். இன்று வகுப்புக்கு முந்தியே குண்டு விழுந்துவிட்டது, பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை, கடவுளுக்கு நன்றி என்று.

திங்கட்கிழமை மாலை இது என் திரையில் இருந்திருக்கிறது. அப்போது ஹனீன் என் வீட்டு மாடியில் ஏதாவது படித்துக்கொண்டோ டீ போட்டுக்கொண்டோ இருந்திருப்பாள். அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் அப்பாவின் பெயர் என் கண் முன்னால் வந்திருக்கிறது.

நான் அதுவரை வாசிக்கவில்லை. வெட்டப்போகிற பகுதியை யாரும் வாசிப்பதில்லை.

கீழே வெட்டிய பிறகும், மேலே மிச்சம் இருந்தது ஒதுக்கிய இடத்தைவிட ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'இஸ்ரேல் ராணுவம் கூறியது' என்பதை எடுத்ததும் சரியாக உட்கார்ந்துவிட்டது.

இந்த மேஜையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஒவ்வொரு போரிலும் வீட்டுக்காரர்கள் கடைசிப் பத்தியில்தான் பேசுகிறார்கள். நான் யார் யாரை வெட்டியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 18, திங்கள்

துரைக்கண்ணு சாரிடம் போய் ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். ஏஜென்சிச் செய்தியையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். என் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனவர்.

"ஏஜென்சி திருத்தம் அனுப்பிச்சிருக்கானா?"

"அவங்க காப்பியில தப்பு இல்ல சார். நம்மதுலதான். ராணுவம் சொன்னதுங்கறத எடுத்துட்டு, நாமளே சொன்ன மாதிரி போட்டிருக்கோம்."

"எடத்துக்காக எடுத்தது. வேணும்னேவா எடுத்த?"

அச்சான பேப்பரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பொறுமையாகவே பேசினார். நம் பத்திரிகையில் திருத்தம் எப்போது வருகிறது? மாவட்டச் செயலாளர் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாறிவிட்டது, அவர் ஆள் அனுப்பினார், போட்டோம். கல்யாண மண்டபத்தின் பெயரை மாற்றிப் போட்டோம், ஓனர் போன் பண்ணினார், போட்டோம். பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். அதுதான் முறை. காசாவிலிருந்து யார் நம்மிடம் கேட்கப் போகிறார்கள்?

"எங்க மாடியில ஒரு பொண்ணு இருக்கா சார். அவ அப்பாதான்."

"அப்ப அவகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. மெட்ராசுக்கு நானே அனுப்பறேன்."

எங்கள் ஆசிரியர் இருப்பது சென்னையில். அனுப்பினால் படிப்பார். நல்ல யோசனைதான். ஹனீன் எழுதித் தருவாள். அதற்கு, என்ன அச்சாகியிருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

வருகிற வழியில் அரைக் கிலோ திராட்சை வாங்கினேன். மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாசிலிடம் பேசினாயா என்று கேட்டேன். லைன் கிடைக்கவில்லை என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று மாலை டியூஷனுக்கு இந்திராணியின் மகள் வரவில்லையாம். காலையில் வாசலில் பார்த்தபோது இந்திராணியே சொன்னார். "கொஞ்ச நாள் போகட்டும்னு பாத்தேன் சசி. அவர் பயப்படறாரு. நமக்கு எதுக்கு, நாளைக்கு போலீஸ் கீலீஸ்னு வந்தா. நீயும் யோசிச்சுக்க, வீடு ஒன்னுது." கெட்டவர் இல்லை. அன்றைக்கு ஹனீனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். பேப்பரில் போட்டதை நம்பியிருக்கிறார். நம்பத்தானே விற்கிறோம்.

ஹனீன் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

நவம்பர் 20, புதன்

பழைய பேப்பர் எடுக்கிறவர் வந்தார். என் கணவர் குணசேகரன் பேப்பர்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் தேதிப் பேப்பரை நான் ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, எதற்கு இது என்று பிரித்துவிட்டார். பாங்கில் வேலை பார்க்கிறவர், எதையும் அடிவரை பார்ப்பார்.

"சசி, இது நம்ம ஹனீன் வீடா?"

ம் என்றேன்.

"இதயா அவளுக்கு வாசிச்சுக் காட்டின?"

"இல்ல."

"பின்ன?"

"என்ன போட்டிருக்கணுமோ அத வாசிச்சேன்."

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "அவ அண்ணனுக்கு அனுப்பறேன்னு சொல்லிட்டிருந்தாளே" என்றார்.

"லைன் கெடைக்கலயாம்."

"கெடைக்கறதுக்குள்ள நீ ஏதாவது செஞ்சாகணும். ஒண்ணு உண்மையச் சொல்லு. இல்ல, வாசிச்சத உண்மையாக்கு."

காலை முழுக்க உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். வேலையில் இருப்பவளாக எழுதவில்லை. வாசகியாக எழுதினேன், என் பெயர், வீட்டு முகவரியோடு. பன்னிரண்டாம் தேதி இதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி, ஒரு தரப்பு சொன்னதைப் பத்திரிகையே உறுதி செய்ததுபோல் வெளியிட்டிருக்கிறது. அதே செய்தியில் இருந்த அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் நீக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று வாசகர்கள் நம்பியிருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே. முதலாவது கோரிக்கையாகத் திருத்தம் கேட்டேன், பெயர்களோடு. இரண்டாவதாக, இனிமேல் எந்தச் செய்தியைச் சுருக்கினாலும் யார் சொன்னது என்பதை எடுக்கக் கூடாது, அங்கே வாழ்கிறவர்கள் பேசியிருந்தால் ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

ரிசப்ஷனில் கொடுத்தேன். அங்கிருக்கும் பெண் என்னையும் முகவரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மேடம், இது நீங்கதானே?"

"ஆமாம்மா. முத்திரை போட்டு ஒரு நகல் குடு."

நவம்பர் 21, வியாழன்

வாசகர் புகார் எந்தப் பக்கத்தைப் பற்றியதோ, அந்தப் பக்கத்துப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்டு வரும். இன்று என் மேஜையில் என் கடிதம் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'விளக்கம் தேவை' என்று எழுதியிருந்தார் துரைக்கண்ணு சார். கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

ஃபெலிக்ஸ் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், உங்க மேல நீங்களே கேஸ் போட்டிருக்கீங்க? வாய்தா கேளுங்க." இருவரும் சிரித்தோம். பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாகச் சொன்னார், படத்துக்கு இடம் கேட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேண்டாம் என்றேன்.

விளக்கம் எழுதினேன். புகாரில் சொல்லப்பட்டது சரி. செய்தியைச் சுருக்கியது நான். கடைசிப் பத்தியை வாசிக்காமல் நீக்கியது நான். யார் கூறியது என்பதை நீக்கியதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. வெளியிட வேண்டிய திருத்தத்தை நானே எழுதி இணைத்தேன். அதில் முதல் வாக்கியம் ராணுவத்தைப் பற்றியது. அதன்பின் கமால் சுவைதி, அவர் மனைவி, மெய்சா, குழந்தைகள். நான் ஹனீனுக்கு வாசித்தது ஏறக்குறைய அப்படியே.

அதைத் தட்டச்சு செய்து முடித்தபோது, இது அச்சாகிவிட்டால் நான் அவளிடம் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும் எனத் தோன்றியது. தேதி மட்டும்தான் மாறியிருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

சென்னையிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது, நாளை திருத்தம் வருகிறது என்று துரைக்கண்ணு சார் சொன்னார். எனக்கு மெமோவும் உண்டாம். அடுத்த வாரத்திலிருந்து ஆன்மிக இணைப்பிதழைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "கொஞ்ச நாள்தான். கோயில் செய்தியில பிரச்சினை வராது" என்றார்.

வருகிற வழியில் அழுதேன். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். ஆன்மிக இணைப்பிதழுக்காக அழவில்லை. திருத்தம் போடுகிறார்களே என்று அழுதேன்.

நவம்பர் 23, சனி

பேப்பர் விழுந்த சத்தம் கேட்டதும் போய் எடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் மூலையில் இருந்தது.

'12ஆம் தேதி வெளிநாட்டுப் பக்கத்தில் வெளியான காசா செய்தியில், தீவிரவாதிகளின் பதுங்குமிடம் என்பது இஸ்ரேல் ராணுவம் தெரிவித்த தகவலாகும். இது விடுபட்டமைக்கு வருந்துகிறோம்.'

அவ்வளவுதான். பெயர்கள் இல்லை. துரைக்கண்ணு சாருக்குப் போன் செய்தேன். நான் எழுதியதை முழுசாகத்தான் பக்கத்துக்கு அனுப்பினாராம். திருத்தத்துக்கு ஒதுக்குகிற கட்டம் எப்போதும் அந்த அளவுதானாம். இரவுப் பணியில் இருந்த பையன் இடம் பார்த்துக் குறைத்துவிட்டானாம். கீழிருந்து.

"அவன் மேல கோவப்படாத சசி."

கோபப்படவில்லை என்றேன். எனக்கு அவனைத் தெரியும். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இந்திராணி வீட்டுக் கதவைத் தட்டித் திருத்தத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்ப என்னதான் சொல்ல வர்றீங்க, பதுங்குமிடமா இல்லயா?" என்று கேட்டார். இல்லை, அது வீடு, அவர் ஒரு வாத்தியார் என்றேன். "அத எழுதலையே இதுல" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

காலை உணவு முடிந்ததும் மேலே போனேன். திருத்தத்தைக் கத்தரித்து எடுத்துப் போயிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று படியேறும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஹனீன் டீ போட்டுக் கொடுத்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு உனக்கு நான் வாசித்தது, என்று.

"தெரியும் அக்கா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். பேப்பர் கைக்கு வந்ததுமே போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில் என்னென்னவோ வந்திருக்கிறது. பதுங்குமிடம் என்று வந்திருக்கிறது, தீவிரவாதிகள் என்று வந்திருக்கிறது.

"போன் தமிழ நெறைய தப்பாச் சொல்லும். ஒரு தடவ சாம்பார்ப் பொடிய வெடிமருந்துன்னு சொல்லிச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க வாசிச்சீங்க. அன்னைக்கு முழுக்க போன்தான் தப்புன்னு நம்பினேன் அக்கா. நல்லா தூங்கினேன்."

மறுநாள் லேபில் கூடப் படிக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் வாசித்துவிட்டு அழுதுவிட்டாளாம்.

"பாசிலுக்கு?"

"அனுப்பல. அவன்கிட்டயும் போன் இருக்கு."

ஒரு வாரத்துக்கு மேலாக அவள் தெரிந்தே இருந்திருக்கிறாள். நான் கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறாள். திராட்சையைக் கழுவி எனக்கும் கொடுத்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்களே வருவீர்கள் என்று இருந்தேன் என்றாள்.

கத்தரித்த திருத்தத்தைக் கொடுத்தேன். இது என்ன என்று கேட்டாள். அதில் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். கேட்டுவிட்டு, நான்காக மடித்து டீ கிளாஸின் அடியில் வைத்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேப்பரை எடுத்து வந்தாள். என் முன்னால் விரித்தாள்.

"இப்ப இத வாசிங்க. இருக்கறத மட்டும்."

"வேண்டாம் ஹனீன்."

"நீங்க எழுதினதுதானே அக்கா. வாசிங்க."

அவள் தரையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் வாசித்தேன்.

காசாவில் தீவிரவாதிகள் பதுங்குமிடம் தகர்ப்பு. காசா, நவம்பர் 12. மத்தியக் காசாவில் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் இயங்கிவந்த தீவிரவாதிகளின் பதுங்குமிடத்தை இஸ்ரேல் விமானங்கள் நேற்று குண்டுவீசித் தகர்த்தன. இத்தாக்குதலில் பலர் பலியாயினர்.

என் தமிழ் எனக்குக் கேட்டது. சுத்தமாக இருந்தது. ஒரு எழுத்து கூடுதலாக இல்லை. ஆங்கிலத்தில் சொல்லவா என்று கேட்டேன். தலையசைத்தாள். ஆங்கிலத்திலும் சொன்னேன். அவள் கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "இதுல எங்கப்பா எங்க வந்திருக்கணும்?" என்று கேட்டாள்.

ஏஜென்சி அனுப்பியதன் கடைசிப் பத்தியைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர், மாடிப்படி, கூடாரத்துப் பிள்ளைகள், வகுப்புக்கு அவர்கள் இன்னும் வராதது. மனப்பாடமாக இருந்தது. பிள்ளைகள் வரவில்லை என்ற இடத்தில் அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அது அவளுக்கு இதுவரை தெரியாது.

"சரி. எங்க?"

பேப்பரைப் பார்த்தேன். 'பலர் பலியாயினர்' என்பதன் கீழே விரலை வைத்தேன். அங்கே ஒரு வண்ணப் படம் இருந்தது. ஏதோ ஒரு நாட்டு மிருகக்காட்சிசாலையில் ஒரு பென்குயினுக்குப் பிறந்தநாள். மீன்களை அடுக்கிக் கேக் செய்திருந்தார்கள். பக்கத்தின் பாதிவரை அந்தப் படம்தான்.

அவள் குனிந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் விரலை எடுக்கவில்லை.